வஹாக்காவில் தமால் அவிக்கும் திருநாள்

பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள். மெழுகுதிரிகளை மந்திரித்து, கையில் ஏந்திப் பவனி வந்து, திருப்பலி கண்டு வீடு திரும்புவதோடு அந்நாள் நம் பங்குகளில் பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகிறது. மெக்சிக்கோ நாட்டில் அப்படியன்று. அங்கே அன்றைய தினம் வீடுதோறும் ஒரு பெரிய பானை அடுப்பில் ஏறியாக வேண்டும். அப்பானையில் ஆவியில் வேகின்ற பண்டத்திற்குத் தமால் என்று பெயர்.

மக்காச்சோள மாவைக் கொழுப்பும் கோழிச்சாறும் சேர்த்துப் பிசைந்து, நடுவே கோழிக்கறியும் மிளகாய்க் குழம்பும் வைத்து, மக்காச்சோளக் கதிரின் மேலுறையிலோ வாழையிலையிலோ மடித்து அவித்தெடுப்பதே தமால். நம் கொழுக்கட்டைக்கு அது தூரத்து உறவு எனலாம். ஆனால் கொழுக்கட்டை சிற்றுண்டி. தமாலோ ஒரு வேளை உணவு. இரண்டு உண்டால் உழைப்பாளிக்கும் பசியாறும்.

திருநாளுக்கும் பானைக்கும் உள்ள தொடர்பு சுவையானது. ஜனவரி 6ஆம் நாள் மூன்று இராசாக்கள் திருநாளன்று, வளைய வடிவிலான ஓர் இனிப்பு ரொட்டியைக் குடும்பத்தார் அனைவரும் கூடி வெட்டுவார்கள். அதனுள்ளே சிறு குழந்தை உருவம் ஒன்று மறைந்திருக்கும். ஏரோதுக்குத் தெரியாமல் பாலன் மறைக்கப்பட்டதை அது குறிக்கிறது என்பார்கள். யாருடைய துண்டில் அக்குழந்தை அகப்படுகிறதோ, அவரே பாலனுக்கு ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய். குடிலில் வைத்திருந்த பாலன் திருவுருவத்துக்குப் புத்தாடை உடுத்தி, பிப்ரவரி 2இல் கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவதும், அன்று கூடியிருப்போர் அனைவருக்கும் தமால் பரிமாறுவதும் அவர் கடமை. அலுவலகங்களிலும் பள்ளிகளிலுங்கூட இவ்வழக்கம் உண்டு.

மலைநாட்டு நகரம்

குவாதலூப்பே மாதாவின் திருத்தலத்தைத் தரிசிக்க மெக்சிக்கோ சென்ற யாத்திரையின் முடிவில், அங்குள்ள குருவானவர் ஒருவரின் அழைப்பின்பேரில் வஹாக்கா நகரில் சில நாட்கள் தங்கினேன். தலைநகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 460 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்நகரம். பேருந்தில் செல்வோருக்கு மலைச்சரிவெங்கும் தூண்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் கள்ளிக்காடுகள் வழித்துணை. நகரின் பழங்கட்டடங்கள் பலவும் பச்சை நிறம் கலந்த கல்லால் கட்டப்பட்டவை. மழை பெய்தால் அக்கல்லின் பச்சை இன்னும் துலங்கும். சாமிநாதர் சபைத் துறவிகள் எழுப்பிய சாந்தோ தொமிங்கோ ஆலயம் அந்நகரின் மணிமுடி. 1987ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரின் பழைய பகுதியையும், அருகே குன்றின்மேல் உள்ள மோந்தே ஆல்பான் என்னும் தொன்னகரையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

சாப்போதெக், மிஷ்தெக் முதலிய பழங்குடி மக்களின் தாயகம் இது. நகருக்குக் கிழக்கே மித்லா என்னும் ஊரின் அருகிலுள்ள ஒரு குகையில் கிடைத்த மக்காச்சோளக் கதிர்களின் வயது ஏறத்தாழ 6,250 ஆண்டுகள். மனிதனின் கையில் விளைந்த மக்காச்சோளத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அவையும் அடங்கும்.

அந்நகரின் சந்தைக்குள் நுழைந்தபோது முதலில் மூக்கை எட்டியது மிளகாய் நெடி. சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று குவியல் குவியலாக வற்றல்கள். நம் சமையலின் உயிர்நாடியாகிய மிளகாய் அம்மண்ணில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தது என்பதை அங்கே நின்றபோது எண்ணிப் பார்த்தேன். அடுத்த கடையில் அடுக்கடுக்காக வாழையிலை. அது நம் பக்கத்து உலகிலிருந்து அங்கே சென்றது. 1516ஆம் ஆண்டு தோமாஸ் தே பெர்லாங்கா என்னும் துறவி கனேரித் தீவுகளிலிருந்து வாழைக்கன்றுகளைக் கரீபியத் தீவுக்குக் கொண்டுபோனதாகப் பழைய குறிப்பு உண்டு. பின்னாளில் அவர் பனாமாவின் ஆயரானார். இலைக்கடைக்கு எதிரே கட்டுக்கட்டாகக் கருவாப்பட்டை. இலங்கைக் கருவாவை உலகிலேயே மிகுதியாக வாங்கும் நாடு மெக்சிக்கோதான். ஆக, வஹாக்காவின் ஒரு தமாலுக்குள் நம் கடற்கரைகளின் மணமும் சேர்ந்தே வேகிறது.

சுண்ணாம்புப் பானை

என்னை அழைத்த குருவானவரின் பங்கில், ஒரு குடும்பத்தில் அவ்வாண்டு ரொட்டிக்குள் பாலன் அகப்பட்டது அவ்வீட்டின் இளைய மருமகனுக்கு. அவர் பள்ளி ஆசிரியர். "செலவு என்னுடையது, வேலை பெண்களுடையது" என்று அவர் சிரித்தார். அவ்வீட்டுப் பாட்டியாரோ அவரை அவ்வளவு எளிதில் விடவில்லை. இலை கழுவித் துடைக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்.

முதல் நாள் மாலையே வேலை தொடங்கிவிட்டது. ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்கு மூன்று லிட்டர் நீர், ஒரு மேசைக்கரண்டி நீற்றிய சுண்ணாம்பு. நம் முதியோர் வெற்றிலையில் தடவிக்கொள்ளும் அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்பு நீரில் கொதிக்கக் கொதிக்க வெள்ளைச் சோளம் மஞ்சளாகிறது. அரைமணி நேரத்தில் மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்றுவரும். அப்போது அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிடுகிறார்கள். காலையில் பலமுறை அலசித் தோலைக் களைந்தால் கிடைப்பதே 'நிஷ்தமால்'. அந்நாட்டுப் பழம்மொழியாகிய நாவாத்தல் மொழியில் சாம்பல் என்ற சொல்லும் தமால் என்ற சொல்லும் இணைந்து உண்டான பெயர் இது. சுண்ணாம்போடு சாம்பலும் இதற்குப் பயன்பட்டதை அப்பெயர் காட்டுகிறது.

பாட்டியார் அந்தப் பானையருகே தம் பேத்தியை நிறுத்தியிருந்தார். அப்பெண் அடுத்த மாதம் வடக்கே ஒரு நகருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போகவிருந்தாள். "எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், பாட்டி?" என்று அவள் கேட்டாள். "மணியைக் கேள், மகளே. என்னைக் கேட்காதே" என்றார் முதியவர். பின்னர் அவள் கையைப் பிடித்து, ஒரு மணியை அவள் விரலிடையே வைத்துத் தேய்த்துக் காட்டினார்.

தானியம் சென்றது, அறிவு செல்லவில்லை

சோளம் இரவெல்லாம் ஊறட்டும். அதற்குள் ஒரு வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுண்ணாம்பின் அருமை அப்போதுதான் விளங்கும்.

1493ஆம் ஆண்டு கொலம்பஸ் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். அது எங்கும் செழித்து விளைந்தது. ஏழைகளின் வயிற்றை மலிவாக நிரப்பியது. ஆனால் காலப்போக்கில், அதனையே நம்பி வாழ்ந்த ஊர்களில் ஒரு விசித்திர நோய் தோன்றியது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து, தடித்து, உரிந்தது, வயிற்றுப்போக்கும் பின்னர் மனக்கலக்கமும் உண்டாயின, பலர் மாண்டனர். 1735ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் கசால் இந்நோயைக் குறித்து எழுதிவைத்தார். இத்தாலியில் அதற்குக் கரடுமுரடான தோல் என்ற பொருளில் 'பெலாக்ரா' என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மாநிலங்களில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. 1906 முதல் 1940 வரை அங்கே 30 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், அவர்களுள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்றும் கணக்கிடுகிறார்கள்.

இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர் 1914 முதல் உழைத்து, குறையுள்ள உணவே இதற்குக் காரணம் என்று நிலைநாட்டினார். 1937ஆம் ஆண்டு கான்ராட் எல்வெஜம் என்னும் ஆய்வாளர், குறைபட்ட சத்து நயசின் என்று கண்டறிந்தார். மக்காச்சோளத்தில் நயசின் இல்லாமல் இல்லை. ஆனால் அது நம் உடல் ஏற்க இயலாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகும்போது அந்தப் பிணைப்பு அறுபட்டுச் சத்து விடுபடுகிறது. தவிரவும் சுண்ணாம்புச் சத்து உணவில் ஏறுகிறது; மாவுக்கும் உருட்டிப் பிடிக்கும் பசை உண்டாகிறது.

மூன்று வேளையும் மக்காச்சோளமே உண்ட மெக்சிக்கோ மக்களிடையே பெலாக்ரா அவ்வாறு கொள்ளைநோயாகப் பரவியதில்லை. அவர்களுடைய பெண்கள் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாகச் சுண்ணாம்புப் பானையை அடுப்பில் ஏற்றி வந்தவர்கள். கப்பலேறி வந்தவர்கள் தானியத்தை வாங்கிக்கொண்டார்கள். அதைச் சமைத்தவளிடம் 'ஏன் இப்படிச் செய்கிறாய்?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்!

அடுப்படியில்

மறுநாள் விடியுமுன்னரே அவ்வீட்டு முற்றத்தில் எட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அலசிய சோளம் ஆலைக்குப் போய் மாவாகி வந்தது. முன்பெல்லாம் நம் அம்மியைப் போன்ற, மூன்று கால்களுள்ள சாய்ந்த கல்லின்முன் மண்டியிட்டு அரைப்பார்களாம். அக்கல் இன்றும் முற்றத்து மூலையில் இருக்கிறது. பாட்டியாரின் முழங்கால்கள்தாம் அதற்கு இணங்குவதில்லை.

நாட்டுக்கோழியை வெங்காயம், பூண்டு, உப்பு சேர்த்து வேகவைத்து, கறியை நாராகப் பிய்த்து வைத்தார்கள். வெந்த சாற்றில் ஒரு துளியும் கொட்டவில்லை. அது மாவுக்கு உரியது. ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 300 கிராம் உருக்கிய பன்றிக்கொழுப்பு. முதலில் கொழுப்பை மட்டும் கையால் அடிக்கிறார்கள். அது வெளுத்து, நுரைத்து, வெண்ணெய்போல் ஆகிறது. பின்பு மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இடையிடையே வெதுவெதுப்பான சாறு வார்த்து, உப்பிட்டு, மறுபடியும் அடிக்கிறார்கள். கை ஓய்ந்தவர் விலக, அடுத்தவர் கை வைக்கிறார். இப்படி ஒரு மணி நேரம். பதம் பார்ப்பதற்கு ஒரு குவளைத் தண்ணீரில் கிள்ளிப் போட்ட மாவு மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும்.

குழம்பு முந்தின நாளே தயாராகியிருந்தது. 'கருப்பு மோலே' என்பது அதன் பெயர். வற்றல்களைக் கருகும் எல்லைவரை வறுத்து, எள், வாதுமை, வேர்க்கடலை, தக்காளி, கனிந்த வாழைப்பழம், கருவாப்பட்டை, கிராம்பு என்று 20க்கும் மேற்பட்ட சரக்குகளைச் சேர்த்தரைத்து, இறுதியில் சிறிது சாக்லெட்டும் கலந்து காய்ச்சுகிறார்கள். காரமும் கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மீறாத குழம்பு அது.

வாழையிலையின் நடு நரம்பை நீக்கி, நாம் செய்வது போலவே அனலில் வாட்டித் துவளச் செய்கிறார்கள். வாட்டிய இலைமேல் மாவை மெல்லப் பரப்பி, ஒரு கரண்டி மோலேயும் கோழிக்கறியும் வைத்து, நாற்புறமும் மடித்துச் சிறு பொட்டலமாக்குகிறார்கள். பானையின் அடியில் நீர், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் இலைவிரிப்பு, அதன்மேல் பொட்டலங்கள், மேலே மீண்டும் இலையும் துணியும் மூடியும். அடியிலுள்ள நீரில் ஒரு காசைப் போட்டுவைத்தார் பாட்டியார். நீர் கொதிக்கும்வரை காசு கலகலவென்று ஒலிக்கும். ஒலி நின்றால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். உடனே வெந்நீர் வார்க்க வேண்டும். தண்ணீரை வார்த்தால் ஆவி அடங்கி மாவு கெட்டிப்பட்டுவிடும்.

மனத்தாங்கலோடு யாரும் அப்பானையருகே வரலாகாது என்பது அம்மக்களின் நம்பிக்கை. வந்தால் தமால் வேகாதாம். அதற்குப் பரிகாரமாகப் பானையின் காதுகளில் சோளத்தோகையை நாடாவாகக் கிழித்துக் கட்டுவாருண்டு. பானையைச் சுற்றி நடனமாடுவாரும் உண்டு. அன்று காலையில் இரு சகோதரிகளிடையே ஏதோ ஒரு பழைய நிலத்தகராறு தலைதூக்கியது. பாட்டியார் ஒன்றும் பேசாமல் தோகை நாடாவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். பேச்சு அத்துடன் நின்றது. அது மூடநம்பிக்கையே ஆகலாம். ஆனால் ஓர் அடுப்பைச் சுற்றிச் சமாதானத்தைக் காக்க அதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

கோழிக்கு முன்னே

பானை வேக ஒன்றரை மணி நேரமாகும். அதற்குள் இப்பண்டத்தின் தொன்மையையும் சொல்லிவிடலாம்.

குவாதமாலா நாட்டில் சான் பார்த்தோலோ என்னுமிடத்தில் 2001இல் கண்டெடுக்கப்பட்ட மாயா சுவரோவியத்தில், ஒரு பெண் தமால் கூடையை ஏந்தியிருக்கும் காட்சி உள்ளது. அது ஏறக்குறைய கி.மு. 100ஐச் சேர்ந்தது. அன்று கோழியும் இல்லை, பன்றிக்கொழுப்பும் இல்லை. இவ்விரண்டும் ஸ்பெயின் நாட்டினரோடு வந்தவை. அதற்கு முன் வான்கோழியும் மீனும் முயலும் அவரையும் தமாலுக்குள் இருந்தன.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஒரு துறவி. பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த பெர்னார்தினோ தே சாகாகுன் 1529ஆம் ஆண்டு மெக்சிக்கோ வந்தார். நாவாத்தல் மொழியைக் கற்று, அம்மக்களின் முதியோரிடம் கேட்டுக் கேட்டு, அவர்களின் வாழ்க்கை முறையைப் 12 நூல்களாகத் தொகுத்தார். அதில் வரும் ஒரு செய்தி என் நெஞ்சில் நின்றுவிட்டது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மக்கள் சில நாட்கள், உப்பும் மிளகாயும் சுண்ணாம்பும் சேர்க்காமல், நீரில் மட்டும் வெந்த தமாலை உண்டு நோன்பிருப்பார்களாம். காரணம் என்ன? ஆண்டாண்டாகக் காரத்தாலும் சுண்ணாம்பாலும் வருத்தப்பட்ட சோளத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம்! தமக்காக நோன்பிருப்போர் பலர். உணவின்மேல் இரக்கங்கொண்டு நோன்பிருந்தவர்களை நான் அங்கேதான் அறிந்தேன்.

இறந்தோரையும் அம்மக்கள் தமாலோடுதான் நினைவுகூர்கிறார்கள். கல்லறைத் திருநாட்களில் யூக்காத்தான் பகுதியில் 'முக்பிபொய்யோ' என்னும் பெரிய கோழித் தமால் செய்வார்கள். வாழையிலையில் பொதிந்து, நிலத்தில் குழி தோண்டி, அனல் கற்களின்மேல் வைத்து மண்ணால் மூடிச் சுடுவார்கள். மண்ணுக்குள் வைத்து, மீண்டும் வெளியே எடுத்து, குடும்பத்தோடு பகிர்ந்து உண்ணும் அந்த உணவு அந்நாளுக்கு எத்தனை பொருத்தமானது!

பிரிந்து போகிறவர்கள்

பானை திறந்தது. இலையிலிருந்து மாவு ஒட்டாமல் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். இறக்கிய பத்து நிமிடம் கழித்துப் பரிமாறினார்கள். கூடவே சோளமாவில் காய்ச்சிய 'அத்தோலே' என்னும் சூடான பானம். முதற்பொட்டலங்கள் பக்கத்து வீட்டு நோயாளிக்குப் போயின.

இன்று மெக்சிக்கோவில் சுண்ணாம்புப் பானை அருகி வருகிறது. பதப்படுத்திய மாவு பொட்டலங்களில் கிடைக்கிறது. நீர் வார்த்துப் பிசைந்தால் போதும். அந்த மாவும் சுண்ணாம்பு கண்டதே, அதில் பழுதில்லை. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அது பேருதவி. தலைநகரில் மாலை வேளைகளில், பதிவு செய்த குரலில் 'வஹாக்காத் தமால்' என்று கூவிக்கொண்டு மூன்று சக்கர வண்டிகள் தெருத்தெருவாக வருகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற அமெரிக்க நகரங்களுக்குக் குடிபெயர்ந்த வஹாக்கா மக்கள் அங்கேயும் தமால் அவிக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் மரபுச் சமையலை மானிடத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. 2025ஆம் ஆண்டு அந்நாடு, மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிடலாகாது என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. விதையைக் காக்கச் சட்டம் உண்டு. கையின் அறிவைக் காக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. ஒரு கை மற்றொரு கையைப் பிடித்து மணியைத் தேய்த்துக் காட்டினாலன்றி அது நிலைக்காது.

அதற்காகத்தான் அத்திருநாள் தேவைப்படுகிறது என்று நான் எண்ணுகிறேன். ஒருத்தி தனியே தமால் செய்ய முனைந்தால் சலித்துப் போவாள். பாலன் யார் துண்டில் அகப்பட்டாலும் எட்டுப் பேர் கூடித்தான் ஆக வேண்டும். கூடினால் முதியவள் சொல்வாள், இளையவள் கற்பாள். கோவிலில் பாலனைக் கையில் ஏந்திய சிமியோனும், அருகே நின்ற அன்னாளும் முதியோரே. பழைய தலைமுறை புதிய தலைமுறையைக் கையில் வாங்கிக்கொள்ளும் நாள் அது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, நம் வீடுகளிலும் காரணம் கேட்கப்படாத அறிவு எவ்வளவோ இருக்கிறது. முதியோர் ஏன் இதை ஊறவைத்தார்கள், ஏன் அதை வறுத்தார்கள், ஏன் இதனோடு அதைச் சேர்த்தார்கள் என்று கேட்க நமக்கு நேரமில்லை. அறிவியல் அவற்றுள் சிலவற்றை மெய்யென்று காட்டும். சிலவற்றைத் தள்ளியும் விடும். ஆனால் கேட்பதற்கு அந்த முதியவள் இருக்க வேண்டுமே! வரும் திருநாளில் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்புங்கள். பெண்பிள்ளைகளை மட்டுமன்று, பையன்களையும் அனுப்புங்கள். வஹாக்காவின் பள்ளி ஆசிரியர் கழுவித் துடைத்த இலைகளில் ஒன்றும் கிழியவில்லை.